பூசாத சுவர்

சின்னவள், நேற்று நீ உன் சிநேகிதிகளை வேலிப் படலையோடு அனுப்பிவிட்டதைப் பார்த்தேன். உள்ளே கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உனக்கும் உன் சின்னக்காவுக்கும் எழுதுகிறேன்.

உங்கள் பெரியக்கா பிரான்சில் படிக்கப் போய், ஒரு சிறிய நகரத்தின் பழைய பகுதியில் வாடகைக்கு வீடு பார்த்தாள். கீழே வீட்டுக்காரி, வயதானவர். மேலே இரண்டு அறைகள். அதைக் கேட்டு வேறு ஆட்களும் வந்து போனார்களாம். தனியாக வந்த பிள்ளை என்பதால், தாய் தகப்பனைப் போனில் பார்த்துக் கதைத்தால்தான் வீட்டுக் கதவின் திறப்பைத் தருவேன் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

எனக்கு உடனே எங்கள் சுவர்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. உள்ளும் வெளியும் பூச்சில்லாமல் சீமெந்துக் கல் அப்படியே தெரியும். இதைப் பார்த்தால் அந்த மனிசி பிள்ளைக்கு வீடு தரமாட்டார் என்று பயந்தேன். பக்கத்து வீட்டு மாமியிடம் போனேன். அங்கே மாபிள் தரை, மெத்தைச் செற்றி, கண்ணாடி மேசை எல்லாம் உண்டு.

"அதுக்கென்ன அண்ணை, வந்து இருந்து கதையுங்கோ."

அம்மாவைக் கூப்பிட்டேன். தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "நான் வரேல்லை. என்ர வீடு இஞ்சை கிடக்கு. நீங்கள் போய் செற்றியில இருங்கோ, மாப்பிள்ளை மாதிரி."

புதுச் சேட்டைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன்.

திரையில் அக்காவும் வீட்டுக்காரியும் தெரிந்தார்கள். எனக்குப் பின்னால் தொங்கிய மாமி வீட்டுத் திரைச்சீலையை அக்கா பார்த்தாள். நான் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை, மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வீட்டுக்காரி சிரித்துக் கையசைத்தார்.

"அப்பா, இவாதானோ அம்மா எண்டு கேக்கிறா." அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "நான் என்ன சொல்ல?"

மாமி குசினிக்குள் ஓடிவிட்டார். நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பிரெஞ்சில் மெதுவாக ஏதோ சொன்னாள். பிறகு என்னிடம், "உண்மையைச் சொல்லிப்போட்டன் அப்பா. எங்கட சுவர் பூசேல்லை, அந்த வெக்கத்தில அப்பா பக்கத்து வீட்டில இருக்கிறார் எண்டு" என்றாள்.

வீட்டுக்காரி எழும்பிப் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். வெறும் கல். பழைய பூச்சை உரித்துக் கல்லை வெளியே தெரியவைத்தார்களாம். அதற்காகவே ஆட்கள் விரும்பி வருகிறார்களாம். உங்கள் சுவரையும் காட்டுங்கள் என்றார்.

போனும் கையுமாக வேலிக் கடப்பைத் தாண்டி எங்கள் வளவுக்குள் வந்தேன். அம்மா திருவலையை விட்டு எழும்பவில்லை. படலையில் நிற்பவரிடம் கேட்பதுபோல, "வாங்கோ, வாங்கோ. சாப்பிட்டியளோ?" என்றார். அக்கா அதை அப்படியே பிரெஞ்சில் சொல்ல, என்ன கறி என்று வீட்டுக்காரி கேட்டார். அக்காவுக்குத் திறப்புக் கிடைத்தது.

அந்தக் கல்லும் எங்கள் கல்லும் ஒன்று என்று சொல்லி நான் தப்பப் பார்க்கவில்லை. அவர்கள் வேண்டுமென்று உரித்தார்கள். நாங்கள் முடிக்க முடியாமல் விட்டோம். ஆனால் இந்தச் சுவருக்குள் இருந்து படித்த பிள்ளை, தகப்பன் அதை ஒளித்த கதையை வேற்று மொழியில் சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் இன்னும் சுடுகிறது. என்னைப் பார்த்துத்தான் நீயும் பழகியிருப்பாய், சின்னவள்.

அன்று பின்னேரம் மாமி வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "என்ன அண்ணை, தேத்தண்ணியும் குடியாமல் ஓடிட்டியள்? எங்கட வீடு அந்தப் பிரெஞ்சு மனிசிக்குப் பிடிக்கேல்லையோ?"