அண்ணனிடம் காட்ட ஒரு சான்று

ஒரு திங்கட்கிழமை காலை என் கணவர் ஒரு காலில் மட்டும் காலுறை மாட்டியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிறை ஊருக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்து வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. மற்றக் காலுறை மதியம்வரை அவர் கையிலேயே இருந்தது.

மனச்சோர்வு நோய் என்று ஜார்ஜ்டவுன் மருத்துவர் மாத்திரை கொடுத்தார். எங்களோடு இருந்த கணவரின் அண்ணன் அதை ஏற்கவில்லை.

"என்னடா சீக்கு? காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா? சோம்பல்லா தம்பி. குளிச்சிட்டுக் கெளம்பு."

"சரிண்ணே," என்பார் இவர். எழுந்திருக்க மாட்டார்.

அடுத்த முறை மருத்துவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். இரத்தத் தட்டணுக்கள் (காயத்தில் இரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்கள்) சில வகைகளில் மூளையின் நரம்பணுக்களை ஒத்தவை. மூளையைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் மனச்சோர்வு உள்ளவர்களின் தட்டணுக்களில் இருக்கும் சமிக்ஞைப் புரதங்களை (வெளியிலிருந்து வரும் செய்தியை உயிரணுவுக்குள் கடத்துபவை) ஆராய்கிறார்களாம்.

வெகுநாளைக்குப் பிறகு இவர் தாமாக ஒரு கேள்வி கேட்டார். "அப்ப, இது சோம்பல் இல்லன்னு என் ரத்தம் சொல்லுமா டாக்டர்?"

"ஒருத்தர் ரத்தத்த மட்டும் வச்சு அப்படிச் சொல்ல முடியாதுங்க. நெறய பேரோடத சேத்துப் பாக்கணும்."

அந்தப் பதில் இவர் காதில் ஏறவில்லை. திரும்பும் வழியில், "ரிப்போர்ட்ட அண்ணன்கிட்ட குடுக்கணும். கண்ணாடி போட்டுப் படிக்கட்டும்லா," என்று சிரித்தார்.

இவர் அந்த ஆய்வில் சேர்ந்தார். அதற்கு இரத்தம் கொடுக்கும்வரை ஆஸ்பிரின் கூடாது என்றார்கள். அது தட்டணுக்களின் இயல்பை மாற்றிவிடும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். ஆனால் இவர் தலைவலி என்று முனகியதும், அண்ணன் சீனர் கடையில் தலைவலித் தூள் வாங்கிக் கோப்பியில் கலக்கிக் கொடுத்துவிட்டார். அதிலும் ஆஸ்பிரின் இருப்பது அவருக்குத் தெரியாது. மருத்துவமனையில் விவரம் தெரிந்ததும், இரத்தம் எடுக்காமல் வேறு தேதி கொடுத்து அனுப்பினார்கள்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் வேணும்னு செய்யலடா."

"விடுங்கண்ணே. எனக்கு வலின்னு நம்பினீங்கல்ல, அது போதும்."

புதிய தேதி வருவதற்குள் என் கணவர் தம் உயிரை முடித்துக்கொண்டார்.

இதே நோயுள்ள ஒருவரோடு வாழ்பவர்களுக்குச் சொல்கிறேன். சான்று வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர் சொல்வதை நம்புங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தட்டணுக்களின் ஆயுள் ஏறத்தாழ பத்து நாள்தான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். பதினாறாம் நாள் கருமாதி முடிவதற்குள் என் உடம்பில் தட்டணுக்கள் எல்லாமே புதிதாகியிருக்கும். இப்போது மீன் அறுக்கையில் விரல் வெட்டுப்பட்டால், துணி சுற்றாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரத்தம் தானாக நின்றுவிடுகிறது. அதை நிறுத்துபவை எதற்கும் அவரைத் தெரியாது.