வெட்டாத கத்திக்கு முத்திரை

தோல்கடை பாய் ரொம்ப நாளாக என்னைச் செருப்புத் தைக்கிறவள் என்றுதான் நினைத்திருந்தார். ராஜபாளையத்தில் அவர் கடைக்கு மாதம் ஒருமுறை போய், மெல்லிய ஆட்டுத்தோலாகத் தடவித் தடவிப் பொறுக்கி வாங்குவேன். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டார்.

"எந்த ஊருக்கும்மா செருப்புப் போகுது?"

"செருப்பில்ல பாய், உறை. கத்திக்கு உறை."

"கத்திக்கு எதுக்கும்மா செருப்பு? அது எங்க நடக்கப் போகுது?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டுக்காரர் பரம்பரையாக அரிவாள் அடிக்கிறவர். அரிவாளுக்கு உறை போட்டுப் பார்த்தவர் யார்? ஆனால் இப்போது பட்டறையில் பாதி வேலை அரிவாள் இல்லை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் நாட்டில் குதிரைமேல் போனவர்கள் இடுப்பில் தொங்கவிட்டிருந்த நீளக் கத்தியை அச்சு அசலாகக் கையாலேயே செய்கிறோம். கத்தி அவர் பாடு, உறை என் பாடு.

இதற்கெல்லாம் காரணம் என் தம்பி. அவன் வெளிநாட்டில் நர்ஸ். தேங்காய் உடைக்க இங்கிருந்து எங்கள் அரிவாளைக் கொண்டுபோயிருந்தான். பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் அதைப் பார்த்து, இதை அடித்த ஆள் எனக்கொரு கத்தி அடிப்பாரா என்று கேட்டார். அந்த வாத்தியார் வாரம் முழுக்கக் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, சனிக்கிழமை ஆனால் இரும்புத் தொப்பி மாட்டிக்கொண்டு கத்திச் சண்டைக்குப் போகிறவர். ஊருக்கு நாலு பேர் அப்படி இருக்கத்தான் செய்கிறார்கள் போல.

உறை செய்வதை லேசாக நினைக்க வேண்டாம். மலைவேம்புப் பலகை இரண்டை எடுத்து, கத்தியை மேலே வைத்துக் கோடு போட்டு, உளியால் உள்பக்கத்தைக் குடைய வேண்டும். குடைந்த இடத்தில் துணி ஒட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் தறிக்குத் தறி பேண்டேஜ் துணிதான் ஓடுகிறது, நானும் கல்யாணத்துக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவள்தான். கழிவில் வந்த பேண்டேஜைத்தான் எண்ணெய் காட்டி உள்ளே ஒட்டுகிறேன். காயம் படுவதற்கு முன்னாலேயே கட்டுப் போட்டுக் கத்தியை அனுப்புகிற ஊர் உலகத்திலேயே எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். பிறகு இரண்டு பலகையையும் பசை போட்டுச் சேர்த்து, சைக்கிள் டியூபை வார் வாராக வெட்டி இறுக்கிச் சுற்றி இரண்டு நாள் போட்டுவிடுவேன். அதற்குமேல் ஈரத்தோலை இழுத்துப் போர்த்திப் பின்பக்கம் தைத்தால், காயக் காய அது மரத்தைக் கவ்விக்கொள்ளும். தலைகீழாகப் பிடித்தால் கத்தி விழக் கூடாது, இழுத்தால் மல்லுக்கட்டக் கூடாது. ஒரு கத்தியின் உறை இன்னொன்றுக்குச் சேராது. கடைசியாக, கத்தியின் கைப்பிடிக்குக் கீழே சுற்றித் தைக்கிற ஒரு சின்னத் தோல் மடிப்பு. உறையின் வாய்க்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் அது மூடிக்கொள்ளும். வாத்தியார் அதற்கு ஏதோ பெயர் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. நான் முந்தானை என்று வைத்துக்கொண்டேன்.

கத்தியும் லேசுப்பட்டதில்லை. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி நீட்டி, நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இறக்கி, எண்ணெயில் தோய்த்து எடுப்பார். அதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கத்திகள் வெட்டக் கூடாது. சண்டைக்கு வேண்டிய கத்தி என்பதால் ஓரம் இரண்டு ரூபாய் நாணயம் கனத்துக்கு மொழுக்கென்று இருக்க வேண்டும், நுனியும் உருண்டையாக இருக்க வேண்டும் என்று வாத்தியார் படம் போட்டே அனுப்பியிருந்தார்.

"சண்டையாவது ஒண்ணாவது! கத்திய வச்சு எவனாவது வெளையாடுவானா? செவுத்துல மாட்டத்தான் வாங்குதான்," என்பார் இவர். "வெட்டாத கத்திய அடிச்சுக் குடுத்து எங்கப்பன் பேரைக் கெடுக்கேன்."

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பட்டறையில் எதை அடித்தாலும் பின்பக்கம் போய் ஒரு வாழைத்தண்டில் போட்டுப் பார்ப்பார்கள். ஒரே வீச்சில் துண்டானால்தான் மூன்று புள்ளியும் ஒரு கோடுமான முத்திரையை அடிப்பார்கள். இல்லையென்றால் மறுபடி உலைக்குத்தான். வெளிநாட்டுக்கு இதுவரை போன கத்தி ஒன்றில்கூட அந்த முத்திரை கிடையாது. பெயர் தெரியாத பிள்ளைகளை அனுப்புவது போலத்தான் அவர் அவற்றை அட்டைப் பெட்டியில் வைத்து மூடுவார்.

போன வருஷம் வாத்தியார் ஆறு கத்தி கேட்டிருந்தார். ஆறும் அடித்து முடிந்து, உறை போடுமுன் சுவரோரம் சாத்தியிருந்தபோது கான்சாபுரத்து அண்ணாச்சி வந்தார். தென்னந்தோப்புக்காரர், எங்கள் மாமனார் காலத்து வாடிக்கை. வாயைத் திறந்தால் ஊசி. ஒரு கத்தியை எடுத்துக் கட்டைவிரலை ஓரத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"ஏலே, என்னலே இது?"

"வெளிநாட்டுக் கத்தி அண்ணாச்சி."

"எதை வெட்டும்?"

"வெட்டாது."

"பொறவு எதுக்கு? எம்புட்டு நீளம், எம்புட்டு பளபளப்பு! வெண்டைக்காய்கூட நறுக்காது போலிருக்கே. ஒங்கப்பன் இருந்திருந்தா இதை வச்சே ஒன்னைய அடிச்சிருப்பான். வெட்டாதில்லா, தைரியமா அடிச்சிருப்பான்!"

டீக்கடை வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது. இவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. எங்களுக்குப் பட்டறை ஒரு ஊர், வீடு ஒரு ஊர்; சாயங்காலம் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தோம். எங்கள் வீடு அங்கே மடவார் வளாகத்தில். வீட்டுக்கு வந்தும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர உள்ளே போகவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அந்த வாரம்தான் பட்டறைக்குப் பின்னால் நான் ஆசை ஆசையாக வளர்த்த வாழை போனது. குலை தள்ளுகிற பருவம். காலையில் வந்து பார்த்தால் இடுப்பு உயரத்தில் துண்டாகிக் கிடக்கிறது.

"ஏங்க, யாரு பாத்த வேலை இது?"

"மாவு மில்லு ஆடா இருக்கும்," என்றார் உலையைப் பார்த்துக்கொண்டே.

நானும் ஒரு கூறுகெட்டவள். நேரே மாவு மில் அக்காவிடம் போய் இரண்டு நாள் சண்டை போட்டேன். "ஏட்டி, எங்க ஆடு என்ன அரிவாளா வச்சிருக்கு?" என்று அந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டு கேட்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆறாவது கத்திக்கு முந்தானை தைக்கும்போது, அலகு கைப்பிடியில் சேர்கிற தோள்பட்டையில் மூன்று புள்ளியும் ஒரு கோடும் பார்த்தேன். கேட்டதற்குக் கை தவறி அடித்துவிட்டேன் என்றார். வாழைக் கோபத்தில் இருந்த நான் அதையும் நம்பி, முத்திரை மேலேயே தோலை மூடித் தைத்துவிட்டேன்.

வழக்கமாகப் பார்சலில்தான் அனுப்புவோம். இந்த முறை, ஊர் சுற்ற வருகிறோம், நேரிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்று வாத்தியார் என் தம்பியிடம் சொல்லிவிட்டார். ஒருநாள் காலை பத்து மணிக்குப் பட்டறை வாசலில் கார் வந்து நின்றது. வாத்தியார் ஒல்லியாக இருந்தார். கூட வந்த அவர் வீட்டுக்காரம்மா எங்கள் கதவு உயரம் இருந்தார். கையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாப் பொட்டலம், வாயிலும் பால்கோவா. இவர் அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "செத்த நேரம் இருக்கச் சொல்லு, எளநி வாங்கிட்டு வாரேன்," என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அந்தம்மா காரிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். இரண்டு இரும்புத் தொப்பி, மெத்தை மாதிரி தைத்த இரண்டு கோட்டு, பூசணிக்காய் கனத்துக்குக் கையுறை. எங்கள் ஊர் வெயிலில் அந்த மெத்தையைப் போட்டுக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்றார்கள். கத்தியைச் சோதித்துப் பார்க்கப் போகிறார்களாம். சனிக்கிழமைதோறும் இருவரும் ஒருவரை ஒருவர்தான் அடித்துக்கொள்வார்களாம். எனக்கு முதலில் தோன்றியது பொறாமைதான். நம்மால் வாயால்தான் முடிகிறது.

கூட்டம் கூடிவிட்டது. தென்னை அரிவாள் வாங்க வந்த கான்சாபுரத்து அண்ணாச்சி முன்வரிசையில் நின்றார். வாத்தியார் ஒரு கத்தியை உருவினார். அந்தம்மா ஒன்றை உருவினார். அந்தம்மா கத்தி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பேண்டேஜ் நூல் தொங்கியது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. என் உறை பிய்ந்துபோச்சே, வெளிநாட்டுக்காரி முன்னால் மானம் போச்சே என்றுதான் முதலில் நினைத்தேன். வாத்தியார் கத்தியைப் பார்த்தேன். அதில் ஒரு நூல் இல்லை. மொட்டைக் கத்தி துணியை அறுக்காது. அப்படியானால் அந்தம்மா கையில் இருப்பது? முத்திரை, வாழை, மாவு மில் ஆடு, எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் இறங்கியது. அந்தம்மா கத்தியைத் தலைக்கு மேல் ஓங்கிவிட்டார்.

"ஆண்டவரே!" என்று கத்திக்கொண்டு நடுவில் பாய்ந்தேன். "நோ! நோ! கட்டிங்! திஸ் கட்டிங்!"

கூட்டம் கை தட்டியது. நானும் சண்டையில் ஒரு ஆள் என்று நினைத்துவிட்டார்கள். அந்தம்மாவுக்கும் ஒன்றும் புரியவில்லை, கத்தியைத் தாழ்த்தித் தொப்பிக்குள்ளிருந்து சிரிக்கிறார். வேறு வழி தெரியாமல் என் சேலை முந்தானையை எடுத்து அந்தக் கத்தி ஓரத்தில் போட்டேன். போட்டதுதான் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த சேலை, ஒரு முழம் தரையில் கிடந்தது. அந்தம்மா சிரிப்பை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றித் தன் புருஷன் கழுத்தைப் பார்த்தார். கத்தியை இரண்டு கையாலும் மெதுவாகத் தரையில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து இவர் இளநீர்க் குலையோடு வந்து இறங்கினார். என் கிழிந்த சேலையையும் தரையில் கிடந்த கத்தியையும் பார்த்தார். குலை கையிலிருந்து விழுந்து உருண்டது.

"கொலைகாரப் பாவி! ஒரு குடும்பத்தை அழிக்கப் பாத்தீங்களே! எத்தனை கத்தியத் தீட்டுனீங்க?" என்று கத்தினேன்.

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றார். "செவுத்துல மாட்டுவாகன்னு நெனைச்சேன்."

கான்சாபுரத்து அண்ணாச்சி சும்மா இருப்பாரா? அந்தக் கத்தியை எடுத்து, உருண்டு கிடந்த இளநீரை நிமிர்த்தி வைத்து ஒரு வீசு வீசினார். தலை தனியாகப் பறந்தது.

"இதுல்லா கத்தி!" என்று கூவினார். "ஒங்கப்பன் கைதாம்லே ஒனக்கு!"

இந்த ஒரு சொல்லுக்காகத்தானே இந்த மனிதர் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். இப்போது அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. வாத்தியாரின் கழுத்தையேதான் பார்த்துக்கொண்டு நின்றார். கத்தியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

மீதி ஐந்தையும் அந்தம்மா ஓரம் தடவிப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டார். அப்புறம் அடித்துக்கொண்டார்கள் பாருங்கள்! விளையாட்டு என்றால் லேசாகத் தட்டிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். தோளில், விலாவில், தலையில் டங்கு டங்கென்று விழுகிறது. நாலு தெரு தள்ளிக் கேட்டிருக்கும். அந்தம்மா விட்ட ஒரு குத்தில் கத்தி வாத்தியார் நெஞ்சில் பட்டு வில்லாக வளைந்தது. இவர் ஓரெட்டு முன்னால் வைத்தார். எடுத்ததும் கத்தி நேராக நின்றது. ஐந்தையும் மாற்றி மாற்றி எடுத்து ஒரு மணி நேரம் போட்டார்கள். ஒன்று உடையவில்லை, ஒன்று கோணவில்லை. இத்தனை வருஷமாக அனுப்பியும், தன் கத்தி என்ன வேலை செய்கிறது என்று அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

முடித்ததும் இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள். முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. அந்தம்மா தன் சட்டைக் கையால் புருஷன் நெற்றியைத் துடைத்துவிட்டார். இரண்டு பேரும் களைத்துப் போய்த் தரையில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள்.

இவர் பட்டறைக்குள் போனார். முத்திரை உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, அந்த அஞ்சு முந்தானையையும் பிரி. தோள்பட்டையில முத்திரை அடிக்கணும்."

ஒவ்வொன்றும் நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தைத்தது. எனக்கு வந்ததே கோபம். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"ஏலே, புத்தி பெரண்டு போச்சா? வெட்டாத கத்திக்கா முத்திரை?"

"ஒரு மணி நேரம் அடிச்சிருக்காக அண்ணாச்சி," என்றார் இவர், இளநீர் குடிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறாகல்லா?"

அண்ணாச்சி அந்த ஐந்தில் ஒன்றை எடுத்து மறுபடியும் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைக் காட்டிக்கொள்ளாமல் நாலு திட்டுத் திட்டிக்கொண்டே தையல் பிரிக்கிற பிளேடைத் தேடினேன். அவசரத்துக்கு எது கிடைக்கிறது? உள்ளே போய் அந்த ஆறாவது கத்தியை எடுத்து வந்து, நடுவில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, முதல் தையலில் வைத்தேன். நன்றாகத்தான் அறுத்தது.