ஜெர்சியின் பொங்கல்

மாட்டுப் பொங்கலன்று ஒரு பசுவுக்கு நான் செய்த உபகாரத்தை எங்கள் குடும்பத்தில் இன்னும் யாரும் மன்னிக்கவில்லை. சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது வேறு விஷயம்.

இலங்கையில் பெல்மதுளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் கொட்டிலில் முதன்முதலாக ஓர் அசல் ஜெர்சிப் பசுவைக் கட்டியவள் என் அத்தை, அப்பாவின் அக்கா. தோட்டத்தை அரசாங்கம் எடுத்த சமயம் பங்களாத் துரை தன் மாடுகளை விற்றுவிட்டுக் கப்பலேறினார். காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து அத்தை ஒரு கிடாரியை ஓட்டி வந்தாள். கூடவே ஒரு பத்திரமும் வந்தது. கிடாரியின் தாய், தகப்பன், அவற்றைப் பெற்றவை எல்லாம் அதில் பெயரோடு இருந்தன. "கொழுந்து எடுக்கிறவளுக்கு என்னாத்துக்குச் சீமை மாடு?" என்று லயமே சிரித்தது. அத்தை காதில் வாங்கவில்லை. இதன் கன்றும் அசலாகப் பிறக்க வேண்டும், மாட்டு ஆபீஸ் புத்தகத்தில் அது ஏற வேண்டும். வேறு எந்த ஆசையும் அவளுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதற்கு நாட்டுக் காளை பக்கத்தில் அண்டக் கூடாது. பசு பருவத்துக்கு வந்து கத்தும் நாளில் ஆபீசிலிருந்து, நாங்கள் மாத்தயா என்று கூப்பிடும் சிங்கள உத்தியோகத்தர் வந்து சினை ஊசி போட வேண்டும். அந்த மகராசி பார்த்துப் பார்த்து மாட்டுப் பொங்கலன்று காலையில்தான் கத்த ஆரம்பித்தாள். அத்தை கொட்டில் கதவைச் சாத்தினாள். "அவுத்து கிவுத்து வுட்டுடாத பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டு டவுனுக்கு ஓடினாள்.

எனக்கு ஒன்பது வயது. வெளியே தப்புச் சத்தம் காதைப் பிளந்தது. கொம்பில் சாயமும் கழுத்தில் மாலையுமாக லயத்து மாடுகளெல்லாம் கோயில் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே இது ஒன்று மட்டும் தொண்டை கிழியக் கத்தியது. பொங்கலுக்குப் போக அழுகிறதென்று நினைத்தேன். ஐயோ பாவம், சீமை மாடென்றால் ஆசை இருக்காதா! குங்குமம் வைத்து, மாலை போட்டு, கயிற்றை அவிழ்த்து விட்டேன். நேரே ஓடிப்போய்க் கங்காணி வீட்டுத் திமில் காளையின் பக்கத்தில் நின்றது. அதற்குள் இவ்வளவு சிநேகமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

மாத்தயாவின் சைக்கிளுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த அத்தை, மைதானத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அபராதே, அக்கா! வீணாப் போச்சே!" என்று மாத்தயா தலையில் கை வைத்தார். "இனி ஊசி போட்டு வேல இல்ல."

அத்தை என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. கன்று பிறக்கும்வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறந்தது திமிலோடு ஒரு கறுப்புக் கன்று. பார்க்க வந்த மாத்தயாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஊசிக் கன்னுன்னே எழுதுறேன் அக்கா. யாரு வந்து பாக்கிறது?" என்றார்.

"பொய் வேணாங்க, மாத்தயா."

"அப்ப புத்தகத்துல போட ஏலாதே. தாய்க்குப் பத்திரம் இருக்கு, சரி. தகப்பனுக்கு ஒண்ணும் இல்லயே."

அதைக் கேட்டதும் அத்தை சிரித்தாள். கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியும்வரை சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க. மறுபடி மொதல்லேருந்து பாப்போம்" என்றாள்.

பார்த்தாள். அடுத்த பருவத்தில் கங்காணியோடு சண்டை போட்டுக் காளையைக் கட்டிப்போட வைத்து, கொட்டில் வாசலில் தானே காவல் உட்கார்ந்தாள். அந்த ஈற்றில் பிறந்த பழுப்புக் கிடாரிக்கு ஆபீசில் காதுக்கு எண் வில்லை குத்தினார்கள்.

அதன் பத்திரத்தை அத்தை தன் தகரப் பெட்டியில் வைத்தாள். அதற்கு அடியில் கிடந்த இன்னொரு கடிதத்தை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். கறுப்புக் கன்று பிறந்ததற்கு முந்தின வாரம் வந்தது. பிரஜாவுரிமை கேட்டு அவள் போட்ட மனுவைத் தள்ளியிருந்தார்கள். தகப்பனார் இந்த நாட்டில் பிறந்ததற்குப் பத்திரம் இல்லையாம்.

அன்று அத்தை சிரித்தபோது, என்மேல் இருந்த கோபம் ஆறிவிட்டதென்று நினைத்து, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.