பொக்கைப் பாட்டு

அக்கா பல் செட்டு கட்டும் கடையில் வேலை பார்த்தாள். மெழுகில் ஈறு செதுக்கி, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துக்கொண்டு போவாள். வீட்டுக்கு வந்தால் இன்னொரு பல் வரிசை காத்திருக்கும். அப்பா பழைய சாமான் கடையில் வாங்கி வந்த இசைப் பெட்டி அது. சாவி கொடுத்தால் பித்தளை உருளை சுற்றும். அதில் முளைத்திருக்கும் முட்கள் இரும்புச் சீப்பின் பற்களை ஒவ்வொன்றாக மீட்டிவிட்டுப் போகும். முன்பு கூடங்களில் ஜோடி ஜோடியாக ஆடிய நடனப் பாட்டு என்று கடைக்காரர் சொன்னாராம். பாட்டின் பெயர் அவருக்கும் தெரியவில்லை.

துள்ளிக்கொண்டு வரும் மெட்டு நடுவில் சட்டென்று நிற்கும். இரண்டு தட்டு நேரம் ஒன்றுமே கேட்காது. பிறகு எதுவும் நடக்காததுபோலத் தொடரும். அப்பா அதற்குப் 'பொக்கைப் பாட்டு' என்று பெயர் வைத்தார். அவர் காலமான பிறகு அக்காவுக்கு ஒரே ஆசைதான்: அதை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும்.

"பகலெல்லாம் மனுஷப் பல்லு, சாயங்காலம் பெட்டிப் பல்லு. உனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்பாள் அம்மா.

"அங்க ரெண்டு முள்ளு உடைஞ்சிருக்கும்மா. இதே பாட்டு வேற பெட்டியில கிடைச்சா, என்ன சுரம்னு தெரிஞ்சிடும்."

கடைக்கு வருகிறவர்களிடம்தான் அவள் விசாரணை. பல்லுக்கு அளவெடுக்கும் மாவை வாய் நிறைய அடக்கி உட்கார்ந்திருப்பவரிடம், "உங்க வீட்ல பாட்டுப் பெட்டி இருக்குங்களா?" என்பாள். "ம்ம்ம்" என்று பதில் வரும். அது ஆமாவா இல்லையா என்று தெரிய மாவு இறுகும்வரை காத்திருக்க வேண்டும். ஆமா என்றால் அன்றைக்கே அவர்கள் வீட்டில் நிற்பாள். உருளையின்மேல் மெல்லிய தாளைச் சுற்றி, பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பாள். முட்கள் புள்ளிகளாக எழும். அப்படி எத்தனையோ பாட்டுகள் எங்கள் ஜன்னலில் தொங்கின. எங்கள் பாட்டு மட்டும் அகப்படவில்லை.

இடைவெளியைக் கண்டால் நிரப்பியே பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையிலிருந்து கொண்டுவந்த பல் கம்பியில் இரண்டு துண்டு நறுக்கி, தன் காதுக்குச் சரியென்று பட்ட இடத்தில் பொருத்திவிட்டாள். எங்களுக்குப் பிடித்திருந்தது. அவள்தான் உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்டின பல்லு மாதிரியே இருக்கு."

ஒருநாள் அவளுக்குக் குடை கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். அப்போது, அக்கா விசாரித்து வைத்திருந்த ஒரு கப்பல் சமையல்காரர் தன் பாட்டுப் பெட்டியைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தார். எங்களுடையதைவிடப் பெரியது. சாவி கொடுத்தார். முதல் வரியிலேயே அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதே பாட்டு! நடுப்பகுதி நெருங்க நெருங்கப் பிடி இறுகியது. அந்த இடம் வந்தது. அங்கேயும் ஒன்றுமில்லை. அவள் முகம் வாடிவிட்டது.

அந்த மௌனத்தில்தான் கேட்டது: பட், பட்.

நாற்காலியில் வாய் நிறைய மாவோடு கண்மூடிக் கிடந்த ஒரு அம்மாள் கை தட்டியிருந்தார். வாசல் பெஞ்சில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் அதே நொடியில் தட்டியிருந்தார். இருவரும் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்கள்.

பெரியவர்தான் சொன்னார்: "அங்க தட்டணும்மா. தட்டினாத்தானே ஜோடி மாறும்?"

மாவை எடுத்ததும் அந்த அம்மாள் கேட்டார்: "நீங்க எங்க ஆடினீங்க?"

"துறைமுகத்துக் கூடத்துல. நீங்க?"

"நான் எங்க மில்லு கேண்டீன்ல. அப்பல்லாம் எனக்குச் சொந்தப் பல்லு!"

கடையே சிரித்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு முள்ளாக நட்டுவந்த யாரோ ஒருவர், தான் பார்க்கவே போகாத கைகளுக்காக அங்கே இடம் விட்டு வைத்திருக்கிறார். அந்தக் கைகளும் இத்தனை காலம் அதை மறக்காமல் இருந்திருக்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தன் இரண்டு கம்பிகளையும் குறட்டால் பிடுங்கினாள். "அப்பா கடைசிவரைக்கும் தட்டாமலேயே கேட்டுட்டுப் போயிட்டாரே" என்று மட்டும் சொன்னாள். அதன்பின், உடம்புக்கு முடியாமல் படுத்தபோதும், அந்த இடம் வந்தால் போர்வைக்குள்ளிருந்து அவள் தட்டும் சத்தம் வரும்.

அவளும் இறந்தபின் நேற்றுவரை அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. நேற்று நான் சாவி கொடுத்தேன். இடம் வந்தது. என் கைகள் எழவில்லை.

அடுக்களையில் குழாய் நின்றது. ஈரக் கைகள் இரண்டு முறை தட்டின. அதற்குள் பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

"தப்பிப் போச்சு" என்றாள் அம்மா. "மறுபடி சாவி குடு."