மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒரு சீமைக் கார்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஞானதுரையைக் கூட்டிக்கொண்டு போவது, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பதற்கு அல்ல. அதையெல்லாம் வீட்டிலேயே பேசி முடித்து, நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் பையில் அச்சாரத்தையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். மெக்கானிக் வந்து பார்த்தார் என்று நாளைக்கு நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ஆள் ஞானதுரை. பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து, போகிற வழியில் இட்லியும் வடையும் வாங்கிக் கொடுத்து அழைத்துப் போவார்கள். அவர் குனிந்து, படுத்து, எழுந்து, இன்ன இடத்தில் கோளாறு இருக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், முகம் தொங்கிப்போகும். தின்ற வடைக்கு இந்த ஆள் பேசுகிற பேச்சைப் பார் என்கிற மாதிரி முழிப்பார்கள்.

இருந்தும் அவர் தன் முறையை விட்டதில்லை. எஞ்சினை ஓடவிட்டு அரை மணி நேரம் சும்மா நிற்பார். சூடேறாத வரைக்கும் எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான் என்பார். சூடேறினால்தான் எண்ணெய் இளகும். எண்ணெயைத் தடுத்து நிற்கிற ரப்பர் சீல் கிழடுதட்டியிருந்தால் கசிய ஆரம்பிக்கும். அதிலும் எஞ்சினுக்குப் பின்பக்கம் இருக்கிற சீல் பொல்லாதது. அது கசிந்தால் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே போய் கிளட்ச் தகட்டை நனைத்துவிடும். தகடு நனைந்தால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. சீல் என்னவோ கைக்குள் அடங்குகிற சாமான். ஆனால் அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்க ஒருத்தன் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து அதை நெஞ்சின்மேல் வாங்க வேண்டும். அந்த ஒருத்தனும் ஞானதுரைதான். ஆகவே ராகு காலம் வருகிறது என்று பறக்கிறவர்களிடம், ராகு காலம் வந்த மாதிரி போய்விடும், வண்டி உங்களோடேயே கிடக்குமே என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ கேட்பார்.

எண்பத்தேழாம் வருஷம் அவருக்கு ஐம்பது ஆனது. முதுகு அதற்கு முன்பே கிழமாகியிருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தால் உடனே எழுந்திருக்க முடியாது. பம்பரைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் மண்டியிட்டு இருக்க வேண்டும். ராத்திரி மனைவி கிருபாபாய் தைலம் தேய்த்துவிடுவாள். தேய்க்கத் தேய்க்கத் திட்டுவாள். அவருக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது. வண்டி அலுத்துவிட்டது, வண்டிக்காரர்கள் அலுத்துவிட்டார்கள், நகக்கண்ணில் இருக்கிற கரிகூட அலுத்துவிட்டது. உட்கார்ந்தபடி பார்க்கிற ஒரு வேலை கிடைக்காதா என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

அந்த வேலையைக் கொண்டுவந்தவன் சமுத்திரம். ரேடியோ செட்டும் டியூப் லைட்டும் வாடகைக்கு விடுகிறவன். ஞானதுரையைவிடப் பத்து வயது இளையவன், பக்கத்துத் தெரு. மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்றால் அப்போது மதுரையிலிருந்துதான் வர வேண்டும். இராஜபாளையத்தில் ஒரு மில்காரர் வீட்டில் இரண்டே பேர் உட்காருகிற சீமைக் கார் ஒன்று விலைக்கு நிற்கிறது, மேல் துணியை மடக்கிவிட்டால் திறந்த கார் என்று கேள்விப்பட்டதும் அவன் தரையில் நிற்கவில்லை. மனைவியின் சங்கிலி வரைக்கும் கழற்றி வாங்கி அடகு வைத்துப் பணம் புரட்டிவிட்டான்.

"வண்டிய நீங்கதான் ஓட்டணும் அண்ணாச்சி," என்றான் சமுத்திரம். "வேட்டி சட்டையோட சீட்டுல உக்காந்தாப் போதும். ஷெட்டப் பூட்டிட்டு எங்கூட வந்திருங்க."

அந்தக் கார் நல்ல கார் என்று ஞானதுரை அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார். அதைக் கண்ணால்கூட இன்னும் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் போனார்கள். மில்காரர் வீட்டு டிரைவர் கருத்தையா காரை வெளியே எடுத்து வைத்திருந்தான். கரும்பச்சை நிறம். நீண்ட மூக்கு. தரையோடு தரையாக, பாய்வதற்கு முன் பதுங்கியது போல இருந்தது. மகன் ஆசைப்பட்டு வாங்கியது, இப்போது ஓட்ட ஆள் இல்லை என்று உள்ளேயிருந்து வந்த பெரியவர் தெலுங்கு கலந்த தமிழில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சமுத்திரம் காரைப் பார்க்கவே இல்லை. ஞானதுரையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானதுரை குனிந்து பார்த்தார். வண்டி முழுக்கப் பழைய தூசியும் கிரீஸுமாக இருக்க, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடம் மட்டும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிப் பளபளவென்று இருந்தது. எதற்காக அந்த இடத்தை மட்டும் கழுவுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். நிமிர்ந்து கருத்தையாவைப் பார்த்தார். கருத்தையா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, ரோட்டில் விட்டால் வண்டி அருமையாகப் போகும் என்றான்.

அது பொய் இல்லை. செட்டியார்பட்டிப் பக்கம் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். காலைக் காற்று முகத்தில் அடித்தது. சாய்ந்து உட்கார இருக்கை முதுகை அப்படியே வாங்கிக்கொண்டது. பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக இடுப்பில் வலி இல்லை. திரும்பி வந்தபோது எஞ்சின் இன்னும் சரியாகச் சூடாகவில்லை. இனி அரை மணி நேரம் நிற்கவிட வேண்டும், அதன் பிறகு மேட்டில் ஏற்றி, அரை கிளட்சில் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். மற்ற எந்த வண்டிக்கும் அதைச் செய்யாமல் அவர் விட்டதில்லை.

"நல்லாருக்கு. பத்தரைக்கு ராகு காலம், அதுக்கு முன்ன முடிச்சிரு," என்றார்.

ஞாயிறு தவறாமல் வேதக் கோயிலுக்குப் போகிற ஞானதுரை ராகு காலம் சொல்கிறாரே என்று சமுத்திரத்துக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஞானதுரை ஷெட்டைப் பூட்டினார். கிருபாபாய் அவருக்கு இரண்டு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தாள்.

முதல் கல்யாணம் ஆவணியில் வந்தது. சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை ஏறினான். கார் முழுக்கச் சம்பங்கியும் கனகாம்பரமும். முன்னால் மேளம், இரு பக்கமும் தலையில் டியூப் லைட் சுமந்து வருகிற பெண்கள், சமுத்திரத்தின் ஜெனரேட்டர் பின்னால் தள்ளுவண்டியில். சமுத்திரம் இஸ்திரி போட்ட சில்க் சட்டையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான்.

ஓடுவதற்கென்று செய்த வண்டி அது. அதற்கு நடக்கத் தெரியாது. நாதஸ்வரக்காரர் நாலு அடி வைப்பார், நின்று ஒரு உருப்படியை இழுப்பார், வெடி போடுவார்கள், யாராவது மாலையோடு வந்து மறிப்பார்கள். அவ்வளவு நேரமும் கிளட்ச் பாதி மிதித்தபடி, எஞ்சின் உறுமியபடி, காற்றே இல்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது. தெரு முனை திரும்புவதற்கு முன்பே கருகின வாடை வந்தது. வெடி வாடை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ரத வீதிக்கு ஏறுகிற சின்ன மேட்டில் ஞானதுரை ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எஞ்சின் கத்தியது. வண்டி நகரவில்லை.

இறங்கிப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. தகடு நனைந்து கருகிவிட்டது என்று பாதத்துக்கே தெரிந்தது. சாவியைத் திருப்பி அணைத்தார்.

மாப்பிள்ளை நடந்து போகட்டும் என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளையின் தாய்மாமன் சீறிவிட்டார். ஏறின மாப்பிள்ளை மண்டபத்து வாசலில்தான் இறங்கலாம். நடுவழியில் இறங்குவது சொந்தத்தில் வழக்கம் இல்லை. தள்ளுங்கள் என்றார். எட்டுப் பத்துப் பேர் பின்னால் கை வைத்தார்கள். ஞானதுரை கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். தாய்மாமன் அவர் தோளை அமுக்கினார்.

"நீரு உக்காரும். திருப்ப ஒரு ஆளு வேணும்லா."

உட்கார்ந்தார். மேளம் மறுபடி கொட்டியது. வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது, அதுவே வேடிக்கையாகி ஜனம் கூடிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் சமுத்திரம் தெரிந்தான். சில்க் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தலையைக் கவிழ்த்துத் தள்ளிக்கொண்டிருந்தான். ஊரே நடக்க, தள்ள, மூச்சு வாங்க, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தான் ஒருத்தன் மட்டும் சாய்ந்து உட்கார்ந்திருப்பது ஞானதுரைக்கு அம்மணமாக இருப்பது போலக் கூசியது. இந்த வழி சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டார். மேளக்காரர்கள் ஒரு தெரு முக்கைக்கூட விடாமல் நின்று வாசித்தார்கள்.

மண்டபத்து வாசலில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை உள்ளே கூட்டிப் போனதும் தெரு காலியாயிற்று. சமுத்திரம் கீழே குனிந்து, வண்டிக்கு அடியில் விரலை வைத்து எடுத்தான். விரல் எண்ணெயாக இருந்தது. மாப்பிள்ளை இருந்த இருக்கையில் வந்து உட்கார்ந்து, அந்த விரலை நெடுநேரம் பார்த்தான்.

"ஒங்களுக்குத் தெரியாமலா இருந்திச்சு அண்ணாச்சி?"

"தெரிஞ்சுது."

"பொறவு எதுக்கு நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

ஞானதுரை ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"முதுகு வலிக்கி, சமுத்திரம்," என்றார்.

சமுத்திரம் திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, காரில் தொங்கிய பூச்சரங்களை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தான். உள்ளே பந்தி தொடங்கிவிட்டது. தள்ளியவர்கள் எல்லாம் சாப்பிடப் போய்விட்டார்கள். வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். காலையில் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

ஞானதுரை இறங்கினார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி இருக்கையில் போட்டார்.

"நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு," என்றார். "நான் தள்ளுதேன்."

சமுத்திரம் நகர்ந்து உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தான்.