தண்ணி மந்திரி

எங்க அஞ்சாங்கிளாஸ்ல ஒரு மந்திரிசபை இருந்துச்சு. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். வாலாஜாபாத்துலேருந்து சைக்கிள்ல வர்ற எங்க வாத்தியார் ஏற்படுத்தினது. புள்ளைங்க பொறுப்பா நடந்துக்கக் கத்துக்கணுமாம். சீட்டு குலுக்கிப் போடுவார். யாருக்கு எந்த இலாகா வருதோ, அதுக்கு அவங்க மந்திரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபை கூடும். மந்திரி வேலை சரியில்லைன்னு பாதிப் பேருக்கு மேல கை தூக்கினா பதவி பூடும்.

எனக்கு சுகாதாரம் வந்துச்சு. தெனம் காலையில எல்லார் நகத்தையும் பார்க்கிற வேலை. எனக்குப் பிடிக்காதவங்க நகம் சுத்தமா இருந்தா காதுக்குப் பின்னால தேடுவேன். அங்க கட்டாயம் ஏதாவது கெடைக்கும். அவ்ளோ ராங்கி எனக்கு.

தண்ணி இலாகா என்னோட பாண்டி ஆடுற கூட்டாளிக்கு வந்துச்சு. வாத்தியாரே காலையில ஊர்க் கிணத்துல எறச்சு, சைக்கிள்ல கொண்டாந்து பானையை ரொப்பிடுவார். சொம்புல மொண்டு எல்லாருக்கும் ஊத்துறது அவ வேலை. மறுநாளே ரெட்டைச் சடை, செவப்பு ரிப்பன், புளி போட்டுத் தேய்ச்ச சொம்போட வந்து பானை பக்கத்துல நின்னா. ஒருத்தரும் வரல. அவ ஊருக்கு வெளிய காலனியில இருக்கிறவ. அவ கையால குடிச்சா தோலை உரிச்சுடுவோம்னு எல்லார் வூட்லயும் சொல்லிட்டாங்க. அதுலேருந்து ஆளுக்கொரு பாட்டில்ல தண்ணி வர ஆரம்பிச்சுது. இருமல் மருந்து பாட்டில், வெளக்கெண்ணெய் பாட்டில், கெடைச்சதெல்லாம். எங்கம்மாவும் ஒண்ணு குடுத்தாங்க. நானும் எடுத்துக்கினு போனேன். வாத்தியார் ரெண்டு தடவை பாடம் மாதிரி சொல்லிப் பார்த்தார். ம்ஹூம். அவர் ஒருத்தர்தான் பானையில குடிச்சார்.

ரெண்டு வாரம் இப்படியே ஓடுச்சு. வியாழக்கிழமை, கடைசி வரிசையில உக்கார்ற தடியன் ஒருத்தன், பானைதான் ரொம்பியே கீதே, அதுக்கு ஒரு மந்திரி எதுக்கு, நாளைக்குச் சபையில கை தூக்கலாம்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சான். அன்னைக்கு அவ பாண்டி ஆட வரல. பதவி போச்சுன்னா பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேன்னா. சொம்பு தேய்ச்சுக் குடுக்கிற அவங்கம்மாவுக்கு இன்னா பதில் சொல்றதுன்னு கேட்டா. அழல. அதான் எனக்குத் தாங்கல. அந்தத் தடியன் மேல பத்திக்கினு வந்துச்சு.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் வல்லக்கோட்டை ரோட்டுல இருக்கிற தோப்புல பூந்து, மடி நெறையக் காய் மாங்கா பொறுக்கினேன். கீத்துப் போட்டு, உப்பு கொஞ்சமா, மொளகாத்தூள் கண்ணுமண்ணு தெரியாம போட்டுப் பெரட்டினேன். தூக்குச்சட்டியில போட்டு மூடும்போதே எனக்குத் தும்மல் வந்துச்சு.

மத்தியானம் சாப்பாட்டு மணிக்கு முன்னாடியே சுகாதார மந்திரி உத்தரவு போட்டேன். பாட்டிலெல்லாம் பாசி புடிச்சுப் போச்சு, வெளிய எடுங்க. எல்லார் தண்ணியையும் செம்பருத்திச் செடிக்கு ஊத்தினேன். மொதல்ல என்னுதை ஊத்தினேன், யாரும் பேச முடியல. வாத்தியார் ஜன்னல் வழியா பார்த்தார், திரும்பிக்கினார். சோறு முடிஞ்சதும் அடுத்த உத்தரவு. நகம் சுத்தமா இருக்கிறவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு கீத்து மாங்கா. அன்னைக்கு எல்லார் நகமும் சுத்தம்னு பாஸ் போட்டேன். சேத்துல நண்டு புடிச்சவன் நகம்கூட சுத்தம். தடியனுக்கு மட்டும் நாலு கீத்து.

பங்குனி வெயில். ஊர்க் கிணறு அரை மைல். மொதல்ல ஒருத்தி ஸ்ஸுன்னா. அப்புறம் ஒருத்தன் சட்டையால நாக்கைத் தொடச்சான். தடியன் கொஞ்ச நேரம் வீம்பா நின்னான், கண்ணுல தண்ணி கொட்டுது. அப்புறம் தண்ணி மந்திரியோட பானைக்கு ஒரே ஓட்டம். பின்னாலயே மொத்தக் கிளாஸும். ரெண்டு கையையும் குவிச்சு அவ முன்னால நின்னாங்க. எங்க தெருவுல அவ வூட்டு ஆளுங்க தண்ணி கேட்டா அப்படித்தான் கையைக் குவிச்சு நிக்கணும். இன்னைக்கு இவங்க நின்னாங்க. அவ ஒரு சொட்டு சிந்தாம ஊத்தினா. எனக்குச் சிரிப்பும் சந்தோசமும் தாங்கல. தூக்குல மிச்சமிருந்த கீத்தைத் தூளோட வழிச்சு நானும் தின்னேன். மணி அடிச்சுட்டாங்க. மீதி நேரம் பூரா வாயைத் தொறந்து வெச்சுக்கினே கணக்கு போட்டேன்.

சாயங்காலம் சபையில, தண்ணி மந்திரி மேல யாருக்காவது குறை உண்டான்னு வாத்தியார் கேட்டார். தடியன் உதடு வீங்கி உக்காந்திருந்தான். ஒரு கையும் எழும்பல.

எல்லாரும் போனதும் அவ பானையைச் சாய்ச்சு, எனக்குன்னு வெச்சிருந்த அரைச் சொம்பு தண்ணியை என் கையில ஊத்தினா. ரெண்டு மடக்குல தீந்துபோச்சு. இன்னும் ஊத்துடின்னேன்.

"காலி," ன்னா. சொம்பைத் தொடச்சுக்கினே, கோவமே இல்லாம கேட்டா: "ரெண்டு வாரமா பானை ரொம்பித்தானே இருந்துச்சு? நீ ஏன் ஒரு நாள்கூட வரல?"

வாய் எரிச்சல் அப்பவே நின்னுபோச்சு. மூஞ்சிதான் எரிஞ்சுது. தடியன் மேல அவ்ளோ கோவப்பட்டவ, என் பாட்டிலை நெனைச்சுக்கூடப் பார்க்கல. வெக்கமா இருந்துச்சு. திங்கக்கிழமை வரேண்டின்னு மட்டும் சொன்னேன்.

"மாங்கா தின்னாம வா," ன்னா.