நான்காம் மாடிக் குளிர்

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குகிற மாதிரி அவள் கழுத்தில் எப்போதும் கரண்ட் அளக்கிற ஒரு மல்டிமீட்டர் தொங்கும். சாப்பிட உட்காரும்போதுகூடக் கழற்றமாட்டாள். "அதுக்கும் ஒரு வாய் ஊட்டி விடுங்கக்கா" என்று கேலி செய்பவர்களிடம், "அது பத்தியத்துல இருக்கு, கரண்ட்டைத் தவிர எதையும் தொடாது" என்பாள்.

சித்தப்பாவின் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் கம்பி சுரண்டுவதில் ஆரம்பித்தவள். கல்யாணமாகி, ஒரு பெண்ணைப் பெற்று, அது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து டிப்ளமோ முடித்தாள். இப்போது அந்தக் கட்டடம் முழுவதற்கும் ஏசி அவள் பொறுப்பு. "என் கை பட்ட வேலை திரும்பி வராது" என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அதில் பொய்யும் இல்லை, புது சிஸ்டம் வரும்வரை.

புது சிஸ்டத்தில் அறைக்கு ஒரு சென்சார் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அறையின் சூட்டை அளந்து கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டருக்குள் மொத்தக் கட்டடமும் ஒரு கணக்காக இருந்தது. எந்த அறை எவ்வளவு பெரியது, எங்கே வெயில் அடிக்கும், எவ்வளவு குளிர்நீர் விட்டால் சூடு எவ்வளவு இறங்கும் என்றெல்லாம் அதற்குத் தெரியும். சென்சார் சொல்வதைக் கேட்டுக் குளிர்நீர் வால்வைத் திறக்கும், அல்லது மூடும். போதுமா என்று மறுபடி சென்சாரைக் கேட்கும். இப்படி ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் எந்தக் கம்பியில் வருகிற அளவு எந்த அறையுடையது என்பதை யாராவது ஒரு மனிதர்தான் அதற்குச் சொல்லித் தரவேண்டும். சொல்லித் தந்தவள் மீட்டரக்கா.

எல்லா மாடியும் சரியாக ஓடியது, நான்காம் மாடியைத் தவிர. அங்கே கணக்குப் பிரிவு ஹாலில் குளிரில் பல் கிட்டியது. ஆட்கள் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு டைப் அடித்தார்கள். முதல் மேஜையில் இருந்த பிள்ளைத்தாய்ச்சிக் கிளார்க் பெண் தும்மித் தும்மி மூக்குச் சிவந்து, கடைசியில் நெஞ்சில் சளி கட்டி லீவில் போனாள். பக்கத்து ஜெராக்ஸ் அறை மட்டும் கதகதப்பாக இருந்ததால், ஒன்றுமில்லாத காகிதத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் நகல் எடுத்தார்கள். மீட்டரக்காவும் அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்ததோடு விட்டுவிட்டாள்.

கம்ப்யூட்டரைப் பார்த்தால் ஹால் கொதிக்கிறது என்றது. மேலே போய் ஹால் சென்சாரைத் தேடினாள். அதற்கு நேர் கீழே, ஒரு ஸ்டூலின் மேல், டீம்மாவின் சுடுதண்ணீர்ப் பாய்லர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அந்த மாடிக்கு டீ போடுகிற அம்மாவைத்தான் டீம்மா என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். யாருக்குச் சர்க்கரை ஆகாது, யாருக்குத் தூக்கலாக வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஏணியில் நிற்கிற மீட்டரக்காவுக்கு டம்ளரைக் கைநீட்டிக் கொடுத்துவிட்டு, "மீட்டரு, கீழ விழுந்தா டீயைக் கொட்டிடாத" என்று சொல்கிற ஆள்.

"டீம்மா, உங்க பாய்லர்தான் வில்லன்" என்றாள் மீட்டரக்கா. "ஆவி படப்பட சென்சாரு ஹாலே கொதிக்குதுன்னு சொல்லுது. அதை நம்பி மெஷினு குளிரை அள்ளிக் கொட்டுது."

டீம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அய்யய்யோ, என்னாலயா? எனக்குத் தெரியாதே!"

பாய்லரை நகர்த்த வேறு இடமில்லை, பிளக் அந்த மூலையில்தான் இருந்தது. மீட்டரக்கா மேனேஜரிடம் காரணத்தைச் சொன்னாள். அவரோ இதற்காகவே காத்திருந்த மாதிரி கீழ்த்தளத்தில் காசு போட்டால் டீ கொட்டுகிற மெஷினை வைத்துவிட்டார். டீம்மாவின் காண்டிராக்ட் அந்த மாதத்தோடு முடிந்தது. குளிரும் அடங்கியது. மீட்டரக்காவுக்கு மனம் கஷ்டப்பட்டது உண்மை. ஆனாலும் தப்பைக் கண்டுபிடித்த திருப்தியும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

சில மாதம் போனது. ஒரு காலையில் நான்காம் மாடி மறுபடி விறைத்துப் போனது. மேலே ஓடினாள். சென்சாருக்குக் கீழே வெறும் சுவர். பழி போட அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

அன்றைக்குத்தான் ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். துணியை நனைத்து ஹால் சென்சாரின் மேல் சுற்றிவிட்டுக் கீழே வந்து திரையைப் பார்த்தாள். ஹாலின் கோடு அசையவில்லை. ஜெராக்ஸ் அறையின் கோடு சரசரவென்று இறங்கியது.

இரண்டு அறையின் கம்பியையும் அவள்தான் மாற்றிக் கொடுத்திருந்தாள். ஜெராக்ஸ் மெஷின்களின் சூட்டை ஹாலின் சூடு என்று நம்பி, கம்ப்யூட்டர் ஹாலில் குளிரைக் கொட்டியிருக்கிறது. ஹால் எவ்வளவு விறைத்தாலும் ஜெராக்ஸ் அறைச் சென்சாரின் அளவு இறங்காது, அதனால் வால்வு இன்னும் இன்னும் திறந்திருக்கிறது. டீம்மா போன அதே வாரம் பெரிய ஜெராக்ஸ் மெஷின் பழுதாகி வெளியே போனதால் குளிர் அடங்கியிருக்கிறது. நேற்று புது மெஷின் வந்து இறங்கியிருக்கிறது. பாய்லருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கம்ப்யூட்டர் கணக்கில் இரண்டு அறையின் பெயரை மாற்றிப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மதியத்துக்குள் ஹால் சரியாகிவிட்டது. "மீட்டரக்கான்னா மீட்டரக்காதான்!" என்று யாரோ கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள்.

மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இப்ப சரியாயிடுச்சில்ல? அப்புறம் என்ன?"

"சார், டீம்மாவைத் திரும்பக் கூப்பிடணும். தப்பு என்னோடது."

"டீ மெஷினுக்கு மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க எதையும் கிளறாதீங்க."

வேன் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்த கணவனும் அதையேதான் சொன்னான். "நீ வேணும்னா செஞ்ச? யாருக்கும் தெரியாது. விடேன்."

"எனக்குத் தெரியுதே" என்றாள். சோறு இறங்கவில்லை. செய்தது தப்பு என்பதைவிட, ஒரு ஈரத்துணி சுற்றிப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் ஒரு ஆளைக் கைகாட்டிவிட்டோமே என்பதுதான் உறுத்தியது. கம்பியைச் சந்தேகப்படாமல் டீம்மாவைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். காரணம் யோசித்தால் இன்னும் கூசியது. கம்பி அவள் இழுத்தது.

விடுமுறை நாளில் விசாரித்துக்கொண்டு போனாள். டீம்மா இப்போது ஊருக்கு மறுகோடியில் ஒரு பெரிய லாண்டிரியில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட மீட்டரு! நல்லாருக்கியா? அந்தத் தும்மல் பொண்ணுக்கு உடம்பு தேவலையா? என்னாலதானே அது படுத்துச்சு. போற அன்னிக்கு ஒவ்வொரு மேஜையா போய் மன்னிப்புக் கேட்டேன். அது மட்டும் லீவு. அதுகிட்ட கேக்கலையேன்னு இன்னும் உறுத்துது."

ஒவ்வொரு மேஜையாகப் போன கதை மீட்டரக்காவுக்குத் தெரியாது. தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

டீம்மா கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்தாள். அடுக்கின் மேல் வைத்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"வேலை போனதுகூடப் பரவால்ல. வேலை இன்னொன்னு கெடைக்கும். இத்தனை நாளா ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணை நான்தான் படுக்க வெச்சேன்னு நெனச்சுட்டு இருந்தேன் தெரியுமா? என் மககிட்டகூட வாய் தொறந்து சொல்லல, அசிங்கமா இருந்துச்சு."

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க டீம்மா. எதுவானாலும் செய்றேன்."

"நான் மன்னிப்புக் கேட்டேன்ல, அத்தனை பேருக்கும் எதிர்ல நீ வந்து சொல்லு. நான் பக்கத்துல நிக்கணும்."

அடுத்த வாரம் டீம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மேனேஜரிடம் அனுமதி கேட்கவில்லை. ஹாலின் நடுவில் நின்று மீட்டரக்கா சொன்னாள். இரண்டு தரம் தண்ணீர் குடித்தாள். "பாய்லர் மேல ஒரு தப்பும் இல்லை. கம்பியை மாத்திக் குடுத்தது நான். சரிபார்க்காம இவங்களைக் கைகாட்டினதும் நான்தான்."

குழந்தை பெற்றுத் திரும்பியிருந்த அந்தக் கிளார்க் பெண் எழுந்து வந்து டீம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க டீ இல்லாம நாக்கே செத்துப் போச்சு டீம்மா" என்றாள். டீம்மா அப்போதுதான் அழுதாள்.

மேனேஜர் மீட்டரக்காவுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் ஈரத்துணியும் கையுமாக மாடி மாடியாக ஏறி, கட்டடத்தின் ஒவ்வொரு சென்சாரையும் சோதித்தாள். இன்னொரு தப்பு அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஹாலில் எல்லோர் முன்னாலும் சொன்ன அன்றைக்கு, டீம்மாவைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிடப் போயிருந்தாள். "எப்பவாவது உங்களைப் பார்க்க வரட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றாள் டீம்மா. கோபமில்லாத குரல்தான். "உன்னைப் பார்த்தா எனக்கு எல்லாம் ஞாபகம் வருது. இப்போதைக்கு வேணாம்."

பஸ் வந்தது. டீம்மா ஏறி, இடம் தேடி உட்கார்ந்தாள். அது கிளம்பிப் போகும்வரை மீட்டரக்கா அங்கேயே நின்றாள்.